தப்பு யாருடையது, பில் யாருக்கு?

ஆம்பூரில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். பெரிய ஷூ கம்பெனிகளுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறான். பன்னிரண்டு தையல் மெஷின், அதில் பாதி கடனில். கணக்கில் என்னைவிடக் கெட்டி. பேலன்ஸ் ஷீட்டில் பத்து பைசா இடித்தாலும் அன்றைக்குத் தூங்க மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் காலையில் போன் செய்து, ''எண்பத்து நாலாயிரம் போச்சுடா'' என்றான்.

நடந்தது இதுதான். ''உங்க கார்டு ரிவார்டு பாயின்ட் எல்லாம் இன்னியோட காலாவதி ஆகுது சார்'' என்று ஒரு குரல். வாட்ஸ்அப்பில் ஓர் ஆப் வந்தது. பேங்கின் அதே பெயர், அதே முத்திரை, அதே கலர். கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் அதை இறக்கி, கார்டு நம்பரைத் தட்டிவிட்டான். மீதி வேலையை அந்த ஆப்பே பார்த்துக்கொண்டது. வந்த ஓ.டி.பி.யை அதுவே படித்தது, அதுவே அனுப்பியது. இரண்டே பரிவர்த்தனை. இருபது நிமிடத்தில் இவன் பேங்குக்கு போன் போட்டு கார்டை முடக்கிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. 'ஓ.டி.பி. சரியாகப் பதிவாகியுள்ளதால் இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு.' அவ்வளவுதான் கடிதம். இரண்டு நாளில் அதே பேங்கிலிருந்து ஒரு பெண் குரல்: ''அந்த எண்பத்து நாலாயிரத்தை ஈ.எம்.ஐ.யா மாத்திக்கிறீங்களா சார்?''

சிரிப்பதா, அழுவதா?

விதி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. நேர்மையாகச் சொல்லவேண்டும்... படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. தப்பு பேங்க் பக்கம் என்றால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. தப்பு பேங்க் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை, நடுவில் யாரோ ஒருவன் என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் அப்போதும் நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் ஆகிவிட்டால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர்மீதுதான் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு பேங்குடையது!

அப்புறம் எங்கே இடிக்கிறது? ஒரே ஒரு வார்த்தையில். கவனக்குறைவு.

உங்கள் கவனக்குறைவால் பணம் போனால், நீங்கள் புகார் சொல்லும் நிமிடம் வரை போனது முழுக்க உங்கள் கணக்கில். மற்ற இடங்களில் மூன்று நாள், ஏழு நாள், பத்தாயிரம் என்று படிப்படியாக அளந்த விதி, இங்கே மட்டும் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டது. ஓ.டி.பி.யைத் தானே வாசித்துச் சொன்னவனும், ஆப் திருடியது தெரியாமல் உட்கார்ந்திருந்தவனும் ஒரே தராசில். என் நண்பன் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆப்பில் கார்டு நம்பரைப் போட்டது தப்புதான். ஆனால், அந்த ஒரு நிமிடத் தப்பின் விலை நூற்றுக்கு நூறா? ஊசியும் நூலும் டீசலும் மட்டுமே வாங்கிவந்த கார்டில், திடீரென்று அடுத்தடுத்து இரண்டு பெரிய தொகை போகிறதே, அதைக் கண்டும் காணாமல் விட்ட கம்ப்யூட்டருக்குப் பங்கே கிடையாதா?

ஆம்பூர் ஷூ எங்கே போகிறது? அமெரிக்காவுக்கும் போகிறது. அங்கே கார்டுதாரருக்குத் தெரியாமல் நடந்த செலவில் அவர் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். எழுபதுகளிலிருந்தே அதுதான் சட்டம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தன் கையாலேயே பணத்தை அனுப்பியவருக்குக்கூட 85,000 பவுண்டு வரை பேங்குகள் திருப்பித் தரவேண்டும். பணம் போன பேங்கும் பணம் வந்த பேங்கும் ஆளுக்குப் பாதி. கவனக்குறைவு அங்கேயும் விதிவிலக்குதான். ஆனால், அது மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். அந்த அடைமொழியில்தான் எத்தனை குடும்பத்தின் பணம் இருக்கிறது, பாருங்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? பொறுப்பு யாருக்கு என்று இந்த நாட்டுக்குப் பாடம் சொன்னதே நம் வேலூர்தான். 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று விவசாயி கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து வாதாட வேண்டியதில்லை.

கார்டு விதியும் இதே நியாயத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் நடைமுறை? 'ஓ.டி.பி. பதிவாகியிருக்கிறது' என்பதையே நிரூபணம் என்கிறார்கள். சாவி போட்டுத்தான் பூட்டைத் திறந்திருக்கிறார்கள், ஆகவே வீட்டுக்காரர்தான் திறந்தார் என்பது போல. சாவியை யார் வைத்திருந்தது என்பதல்லவா கேள்வி? எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.யை ஆப் திருடும் என்பது பேங்குகளுக்குத் தெரியாத ரகசியமும் இல்லை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய அங்கீகார விதிகளே, இடம், கருவி, பழைய செலவுப் பழக்கம் எல்லாவற்றையும் வைத்து சந்தேகப்படலாம் என்கின்றன. 'லாம்' என்கின்றன. 'வேண்டும்' என்றில்லை.

இன்னொன்று. 2017 சுற்றறிக்கையில் ஓர் அருமையான வரி உண்டு. பேங்க் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அப்படியே 'ரிப்ளை' செய்து புகார் சொல்லும் வசதி வேண்டும். நம்பரையும் முகவரியையும் தேடி வாடிக்கையாளர் அலையக்கூடாது. உங்கள் போனை எடுத்து, கடைசியாக வந்த பேங்க் செய்திக்குப் பதில் அனுப்பிப் பாருங்களேன். போகிறதா? வேறு ஏதோ நம்பருக்கு ஏதோ வார்த்தையை அனுப்பச் சொல்லி இங்கிலீஷில் எழுதியிருக்கும். தமிழும் உருதும் பேசுகிற ஆம்பூர், வாணியம்பாடியில், அதிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்கள் கையில் இப்போது கார்டு இருக்கிறது. அவர்கள் அந்த இங்கிலீஷைப் படித்து, புரிந்து, மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டுமாம். கார்டு நிபந்தனைகள் உள்ளூர் மொழியிலும் இருப்பது நல்லது என்று 2022 விதி சொல்கிறது. 'நல்லது' என்றால் யார் செய்வார்கள்?

சும்மா குறை மட்டும் சொல்லக்கூடாது. நல்லதும் நடந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட் முதல் ஆன்லைன் செலவுக்கு இரண்டாவது பூட்டு. 2020 அக்டோபர் முதல், புதுக் கார்டில் ஆன்லைன் வசதியும் வெளிநாட்டு வசதியும் நாம் கேட்டால்தான் திறக்கும். 2022 ஜூலை முதல், கேட்காத கார்டைத் தலையில் கட்டினால் பேங்குக்கு அபராதம். கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய், நமக்கு! 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் நம் கார்டு நம்பரைச் சேமித்துவைக்க முடியாது. எல்லாம் நல்ல பூட்டுகள். ஆனால், பூட்டு உடைந்த பிறகு யார் பணம் கொடுப்பது என்ற இடத்தில்தான் விதி முணுமுணுக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது? பணம் போன அந்த நிமிடமே 1930-க்கு அடியுங்கள், பேங்கில் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போனோடு விடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். 'நான் கவனக்குறைவாக இருந்தேன் என்பதற்கு ஆதாரம் என்ன?' என்று அதில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. முக்கியமாக, தகராறில் இருக்கும் தொகையை ஈ.எம்.ஐ.யாக மாற்ற மட்டும் 'சரி' சொல்லாதீர்கள். அந்தச் செலவை நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்குக் காட்டுவார்கள்.

நண்பன் இப்போது அந்தக் கேள்வியோடு குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறான். இன்னும் முடிவு வரவில்லை. பில் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது, வட்டியோடு.

பாலாறு வழக்கிலும் தத்துவம் 1996-லேயே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு நம் பக்கம் இருப்பது வேறு, பணம் நம் கைக்கு வருவது வேறு என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

''84,000-ங்கிறது எத்தனை ஜோடி தெரியுமாடா?'' என்றான் நண்பன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டியானவன், அதை மட்டும் போடவில்லை.