மெய்ம்மயிரும் வேடமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த குலசேகரன்பட்டினம் 1986ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தின்பாற் பட்டது. ஆங்கு ஞானமூர்த்தீசுவரருடன் எழுந்தருளியுள்ள முத்தாரம்மன் கோயிலின் தசராப் பெருவிழாத் தமிழ்நாடு முழுவதும் அறிந்ததொன்று. காப்புக் கட்டிக்கொண்ட அடியார் காளி, குறத்தி, குறவன், அரசன், குரங்கு, கரடி, இரவலன் எனத் தாம் நேர்ந்துகொண்ட வேடத்தைப் புனைந்து, ஊர்தோறும் சென்று காணிக்கை பெறுவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நிகழும் மகிடாசுர சங்காரத்திற்கு வந்து கூடுவர். முத்து என்பது அம்மைக் கொப்புளம். அதனை ஆற்றுபவள் ஆதலின் முத்தாரம்மன் ஆயினள் என்பது மக்கள் கூறும் பெயர்க்காரணம். மேனியைக் காக்கும் தெய்வத்தின் முன் மேனியை மாற்றிக்கொண்டு நிற்றல் பொருத்தமே.

பெண் வேடம் புனைவோருள் மிகப் பலர் ஆடவர். அவரிடையே இருவகைக் கோலத்தைக் காணலாம். ஒருசாரார் மீசையும் தாடியும், கையிலும் காலிலும் உள்ள மயிரும் கிடந்தபடி கிடக்கப் புடவை உடுத்து, வளை அணிந்து, சலங்கை கட்டி வருவர். மற்றொரு சாரார் முகத்தையும் கைகால்களையும் மழமழவென மழித்து, பிறர் ஐயுறும் அளவிற்குப் பெண்ணாகி வருவர். முன்னவரைக் கண்டு வேடம் பொருந்தவில்லை என நகைப்பாரும் உளர். பின்னவரைக் கண்டு ஆண்மகன் காலை மழிப்பதா என முகஞ்சுளிப்பாரும் உளர். இவ்விரு பழிச்சொற்களும் ஒரே கருத்தினின்று பிறந்தவை. மெய்ம்மயிர் ஆணுக்கு உரியது, அஃது இல்லாமை பெண்ணுக்கு உரியது என்பதே அக்கருத்து. இது தமிழர் தொன்றுதொட்டுக் கொண்டதோ, இடையில் வந்து புகுந்ததோ என்று ஆராய்தல் வேண்டும். இடையில் புகுந்தது என்பதே எம் துணிபு.

மயிர் என்னும் சொல்லைப் பற்றி முதற்கண் ஒன்று கூற விரும்புகின்றோம். பேச்சுவழக்கில் இஃது இழிந்து வசையாகிவிட்டமையின், மேடையில் பேசுவோர் இதற்கு அஞ்சி உரோமம் என்றும் முடி என்றும் கூறித் தப்புவர். முடி தலைக்கு உரியது. காலில் முடி உளது என்பார் தம் காலைத் தலையாக்குகின்றனர். தொல்காப்பியத்திற்கு உரை கண்டோர் மெய்ம்மயிர் என்று கூசாது எழுதினர். யாமும் அவ்வாறே எழுதுவோம்.

மெய்ம்மயிர் களைதலை ஆண்மைக்கு இழுக்கென்பார் பெரும்பாலும் திருக்குறளையே துணைக்கொள்வர். மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவைக் கூறும் 969ஆம் குறள் அவர்க்குப் பெரும்படை. ஆனால் அக்குறள் மானத்தைப் பற்றியது. மயிர் ஆண்டு உவமையாய் வந்து நிற்கின்றது. அதே அதிகாரத்துள் ஐந்து குறள் முன்னர், 964இல், நிலையினின்று தாழ்ந்த மாந்தர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிர் உவமையாகின்றது. ஓரிடத்தில் உயிரினும் அரிதாகவும், மற்றோரிடத்தில் குப்பையாகவும் ஒரே பொருளை ஒரே அதிகாரத்துள் ஆண்ட புலவர், மயிரின் பெருமையை நிலைநாட்ட எழுதினார் எனல் பொருந்தாது. இவ்விரண்டினும் நமக்கு வேண்டுவது 280ஆம் குறள். உலகம் பழிப்பதை விட்டார்க்கு மழித்தலும் வேண்டா, வளர்த்தலும் வேண்டா என்பது அதன் கருத்து. பரிமேலழகர் இதற்கு உரை வரையுங்கால் இரண்டு செய்திகளைக் குறிக்கின்றார். பறித்தலும் மழித்தலுள் அடங்கும் என்பது ஒன்று. மழித்தல் என்னும் சொல்லே தலைமயிரை உணர்த்திவிடும் ஆதலின் தலை என்று தனியே கூறவில்லை என்பது மற்றொன்று. இவற்றோடு, மழித்தலையும் சடையாக்கலையும் வேடம் என்னும் சொல்லாலேயே அவர் சுட்டுகின்றார். துறவியின் மொட்டையும் சடையும் வேடமாயின், மயிரைக் களைதலும் வைத்தலும் அவனவன் மேற்கொண்ட கோலத்தின் குறிகளே அன்றி அவனது உள்ளியல்பின் அளவுகோல் அல்ல என்பது பெறப்படும். மழித்தல் தலையைக் குறித்தது என்று உரையாசிரியர் வரையறுத்ததும் எண்ணத்தக்கது. காலையும் மார்பையும் மழித்தல் ஒரு பேச்சுக்குரிய பொருளாகவே அவர்க்குத் தோன்றவில்லை.

இனி, மகளிர் காலுக்கு வருவோம். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் பாடினியின் எழிலைக் கூந்தல் தொடங்கி அடிவரை முறையே கூறிச் செல்கின்றார். அவ்வரிசையில் தொடைக்கும் அடிக்கும் இடையே கணைக்காலைக் கூறவந்தவர், அதன்கண் மயிர் ஒழுங்குபட அமைந்திருத்தலைத் திருத்தமான காலின் அழகாகவே சொல்கின்றார். இவ்விடத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் சிலர் விரைந்து கடந்துவிடுவதை யாம் கண்டதுண்டு. விரைய வேண்டுவதில்லை. பெண்ணின் காலில் மயிர் இருந்தது என்பது மட்டுமன்று, அஃது அழகென்று பாடப்பெற்றது என்பதே ஈண்டுச் சிறப்பு. உந்திக்கு மேல் ஓடும் மயிரொழுங்கைப் பிற்காலக் காப்பியப் புலவரும் கோவை பாடினோரும் போற்றியது யாவரும் அறிந்ததே. மெய்ம்மயிர் ஆணின் தனியுடைமை என்னும் கருத்து இப்புலவர்தம் உள்ளத்தில் இல்லை.

ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையில் வேறு கூறுவர். பெண்ணின் கணைக்கால் மயிரின்றியிருத்தல் நல்லிலக்கணம் என்பது அவர் கொள்கை. ஆடவர்க்கும் அவர் கணக்கு வைத்துள்ளார்: ஒரு மயிர்க்காலில் ஒரு மயிர் உடையவன் அரசன், இரண்டு உடையவன் கற்றவன், மூன்றும் அதற்கு மேலும் உடையவன் வறியவன். இக்கணக்கின்படி உடல் நிறைய அடர்ந்த மயிர் ஆண்மைக்குப் புகழ் ஆகாது, வறுமைக்கு அறிகுறியாம். மெய்ம்மயிரைக் கண்டு பெருமிதம் கொள்வோர் வடமொழிச் சாமுத்திரிகத்தைத் துணைக்கு அழைத்தலும் அரிது.

யாம் கூறவந்த பொருளுக்குத் தலையாய சான்று மணிமேகலையில் உளது. மலர்வனம் புக்க காதையில் மணிமேகலை சுதமதியுடன் புகார் நகரத் தெருவழியே செல்கின்றாள். அத்தெருவில் சாத்தனார் மூன்று காட்சிகளை அடுத்தடுத்து வைக்கின்றார். ஆடையைத் துறந்து, நீராடாத மேனியுடன் வரும் அமண் துறவி ஒருவரைக் கள்ளுண்டான் ஒருவன் மறித்து ஏளனம் செய்கின்றான். அதனைக் கண்டு ஒரு கூட்டம் நிற்கின்றது. மலரும் தழையும் கந்தையும் அணிந்த பித்தன் ஒருவனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் நிற்கின்றது. வாணன் பேரூரில் காமன் ஆடிய பேடு என்னும் கூத்தினைக் கண்டு மற்றொரு கூட்டம் நிற்கின்றது. பேடாடும் அவ்வுருவைச் சாத்தனார் வருணிக்குமிடம் ஊன்றி நோக்கத்தக்கது. பவளவாயும் நெடுங்கண்ணும் வெள்ளித் தோடும் வளைந்த புருவமும் இளமார்பும் நுண்ணிடையும் அவ்வுருவிற்கு உண்டு. இவையனைத்தையும் கூறுமுன் அவர் முதலாவதாகக் கூறுவது சுருண்ட தாடி.

சிலப்பதிகாரக் கடலாடு காதையிலும் இப்பேடு பதினோராடலுள் ஒன்றாக வருகின்றது. ஆண்மை திரிந்த பெண்கோலம் என்ற அளவில் இளங்கோவடிகள் அதனைச் சுட்டிச் செல்வர். ஆடுபவள் மாதவி ஆதலின் அவர்க்குத் தாடிக்கு வேலையில்லை. சாத்தனாரோ தெருக்கூத்தைக் காட்டுகின்றார். அங்கே ஆண்மை மறைக்கப்படவில்லை. மறைத்தல் வேண்டுமாயின் தாடியை நீக்குதல் எளிது. நாவிதர் புகாரிலும் இருந்திருப்பர். தாடியை வைத்துக்கொண்டே பெண்ணின் அணிகளைப் பூணுதல் அக்கூத்தின் இலக்கணம். காண்போர் ஏமாறுதற்காக நிற்கவில்லை. இரண்டனையும் ஒருங்கே காண்பதற்காக நிற்கின்றனர். உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் பதிப்பித்து வெளியிட்டார். அன்று தொட்டு இப்பகுதி அச்சில் யாவர் கைக்கும் எட்டுவதாய் உளது. அதனைக் கற்றவர், மீசையோடு வரும் குலசேகரன்பட்டினத்துக் காளியைக் கண்டு வேடம் பொருந்தவில்லை என்று எங்ஙனம் கூறுவர்?

கோயிற்கொடையில் ஆடப்பெறும் கணியான் கூத்தும் இதற்கு அண்மையது. நெல்லைச் சீமையில் சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் முன் மகுடம் முழங்க ஆடும் அக்கூத்தில், ஆடவர் இருவர் பெண் உடையில் சலங்கை கட்டி ஆடுவர். அவர் ஆடவர் என்பது சிறுவர்க்கும் தெரியும். தெரிதலால் கூத்தின் ஆற்றல் குறைவதில்லை.

நாடக மேடையின் நிலை வேறு. திரைச்சீலையும் விளக்கொளியும் அமைந்த மேடையில் ஸ்திரீபார்ட்டுக்காரர் பெண்ணாகவே தோன்ற வேண்டும். ஆண் என்பது வெளிப்படின் நாடகம் கெட்டது. நெல்லைச் சீமையினரான சங்கரதாச சுவாமிகள் ஆசிரியராய் இருந்து நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா 1918இல் மதுரையில் தோன்றியது. பாலர் சபைகளில் மீசை அரும்பாத சிறுவர்க்குப் பெண் வேடம் எளிதிற் பொருந்தியது. வளர்ந்தபின் கத்தியின் உதவி வேண்டியதாயிற்று. பின்னர்ப் புகைப்படமும் திரைப்படமும் வந்தன. அண்மையில் நின்று நோக்கும் கண்ணாடிக்குக் காலின் ஒரு மயிரும் தப்பாது. பெண் என்றால் மயிரற்ற மேனி என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியது இவ்வழியே என்று கருதுகின்றோம். மேனாட்டிலும் மகளிர் காலை மழித்தல் பரவலான வழக்காயது இருபதாம் நூற்றாண்டிலேயே. மகளிர்க்கென்று தனிச் சவரக்கருவியைக் கில்லெட் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது 1915இல்.

ஆடவர் மெய்ம்மயிர் களைதல் வேறு காரணங்களாலும் உலகில் நிகழ்ந்துள்ளது. எகிப்தியப் பூசகர் ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் முழுவதையும் மழித்தனர் என்பர் எரோடோட்டசு. கழுகுமலைப் பாறையில் தம் தீர்த்தங்கரரைச் செதுக்கி வழிபட்ட அமண்நெறியினர் தலைமயிரைக் கையாற் பறித்தலை நோன்பாகக் கொண்டனர். தேவாரம் பாடியோர் அதனை எள்ளியது தனிக்கதை. காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழும் இசுலாமியப் பெருமக்களிடை அக்குள் முதலிய இடங்களில் மயிர் களைதல் தூய்மை ஒழுக்கங்களுள் ஒன்று; நாற்பது நாளுக்கு மேல் அதனை விட்டுவைத்தல் ஆகாது என்பது அவர்தம் நெறி. நாவிதர் வீடுதேடி வந்த நாளில் சிற்றூர் ஆடவர் பலர் முகத்தோடு அக்குளையும் வழித்துக்கொண்டனர். மிதிவண்டிப் பந்தய வீரர் புண்ணுக்கு மருந்திடவும் கால்களை உருவிவிடவும் எளிதாகும்பொருட்டு மழிப்பர். ஆணழகன் போட்டியில் நிற்போர் தசைநார் தெரியவேண்டி மழிப்பர். இவருள் எவரும் பெண்ணாக எண்ணியவர் அல்லர். ஆயினும் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞன் தன் மார்பை மழித்தான் எனில் வீட்டிலும் தெருவிலும் கேலி எழுகின்றது. மழியாதவனை நாகரிகம் அறியாதவன் என்று அவன் தோழர் கேலி செய்கின்றனர். நீந்தும் துறையிலும் சட்டையைக் கழற்றக் கூசும் இளைஞரை இன்று காண்கின்றோம். உடலைப் பற்றிய இந்நாணம் பொருநராற்றுப்படைக்கும் தெரியாது, மணிமேகலைக்கும் தெரியாது.

மற்றொன்றும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர் பத்துவகைச் சத்துவங்களை எடுத்துக்காட்டுவர். அவற்றுள் முதலாவது மெய்ம்மயிர் சிலிர்த்தல். கண்ணீர் வார்தலும் நடுங்கலும் வியர்த்தலும் அதற்குப் பின்னரே. அச்சமாயினும் வியப்பாயினும் அன்பாயினும் உள்ளத்தில் எழுந்தது உடலில் முதற்கண் வெளிப்படுமிடம் மயிர்க்கால் என்று நம் முன்னோர் கண்டனர். சமய குரவரும் ஆழ்வாரும் இறையன்பைக் கூறுங்கால் மெய்சிலிர்ப்பைக் கூறாது விடார். இச்சிலிர்ப்பு ஆண் பெண் என்னும் வேறுபாடு பாராதது. மழித்த தோலும் சிலிர்க்கும் என்று மருத்துவர் கூறுவர். மயிர்க்காலின் அடியிலுள்ள சிறுதசை சுருங்குதலே அதன் காரணம் ஆதலின் அவர் கூற்று மெய்யே. எனினும் காண்போர் கண்ணுக்கு அதனைத் தெளிவாகக் காட்டுவது நிமிர்ந்து நிற்கும் மயிர். மெய்ப்பாடு காண்போர்க்கும் புலனாதல் வேண்டும் என்பது இலக்கணம்.

குலசேகரன்பட்டினத்து வேடத்தை நாடக மேடையின் அளவுகோலால் அளத்தலே பிழை. நேர்ந்துகொண்டவன் தெய்வத்தின் முன் ஒரு குறியைத் தாங்கி நிற்கின்றான். எவரையும் மயக்க வரவில்லை. நோயும் துன்பமும் நீங்கவேண்டிக் காப்புக் கட்டியவனுக்கு, அவன் கால் பெண்ணின் காலைப் போன்று உளதா என்பது ஒரு பொருட்டன்று. அதே காரணத்தால், வேடம் செவ்வனே அமையவேண்டும் என்னும் ஆர்வத்தால் முழுவதும் மழித்து வருபவனையும் ஆண்மை இழந்தான் என்று பழித்தற்கு இடமில்லை; தலைமயிரை இறைவனுக்கு அளிப்பவனை எவரும் அவ்வாறு பழிப்பதில்லை. நேர்த்திக்கடனில் எதனைக் கொடுப்பது, எதனை வைத்துக்கொள்வது என்பது நேர்ந்தவன் உரிமை. பத்தாம் நாள் இரவு மகிடன் வீழ்ந்தபின் காப்பினை அவிழ்க்கின்றனர். முகத்துச் சாயத்தைக் கழுவுகையில் சிலர்க்கு மீசை மீண்டும் வெளிப்படுகின்றது. சிலர்க்கு அது வளரச் சில கிழமைகள் ஆகும். இருவரும் ஒரே வண்டியில் ஊர் திரும்புகின்றனர்.