கர்னலில் கைவைத்துக் கற்கும் மரபு

இயங்குதளப் பாடத்தைக் கரும்பலகையிலேயே நடத்தி முடித்துவிடலாம். மாணவர் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். ஆனால் தாம் எழுதிய ஷெட்யூலர் இயந்திரத்தையே உறையவைப்பதைப் பார்த்து, காரணம் தேடித் திருத்தியவருக்கு வாய்க்கும் தெளிவே தனி. அந்தத் தெளிவுக்காக அரை நூற்றாண்டாக வளர்ந்துவரும் கல்வி மரபில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வாசிப்பு வழி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1970களில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலையே பாடமாக வைத்து விளக்கவுரை எழுதினார். ஏறத்தாழ 9,000 வரிகள்; ஒருவர் முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய அளவு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் நடத்தத் தடை போட்டது. லயன்ஸின் உரை நகலுக்கு நகலாகக் கைமாறியே பரவியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் 1987இல் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தந்தார். எம்.ஐ.டி. 2006இல் அதே ஆறாம் பதிப்பை இன்றைய சி மொழியில் எக்ஸ்வி6 என எழுதியது. சென்னை ஐ.ஐ.டி.யின் என்.பி.டி.இ.எல். பாடமும் எக்ஸ்வி6ஐ எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, கட்டுமான வழி. பர்டியூ பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் கோமர் தம் ஸீனு அமைப்பை வெறும் இயந்திரத்திலிருந்து அடுக்கடுக்காக எழுப்பிக் காட்டினார்.

மூன்றாவது, நிரப்பும் வழி. பெர்க்லியின் நாச்சோஸும் 2004இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த பின்டோஸும் குறைப்பட்ட கர்னலைக் கொடுத்து, மீதியை மாணவரையே எழுதச் சொல்கின்றன. பின்டோஸின் முதல் வேலையைப் பாருங்கள். தூங்கவேண்டிய த்ரெட், ‘நேரமாயிற்றா, நேரமாயிற்றா’ என்று கேட்டபடி சுழன்று பிராசஸரை வீணாக்குகிறது. அதை உண்மையிலேயே தூங்கவைத்து, டைமர் இன்டரப்ட் வரும்போது எழுப்ப வேண்டும். தூங்குவோர் பட்டியலை த்ரெடும் தொடும், இன்டரப்டும் தொடும். இன்டரப்ட் காத்திருக்க முடியாது என்பதால் அங்கே லாக் உதவாது. பத்து முறை சரியாக ஓடிப் பதினோராவது முறை விழும் பிழை பிறப்பது இங்கேதான். அடுத்த வேலை, தாழ்ந்த முன்னுரிமை த்ரெட் பிடித்திருக்கும் லாக்குக்காக உயர்ந்தது காத்துக்கிடக்கும் சிக்கலைத் தீர்ப்பது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதே சிக்கலால்தான். பூமியிலிருந்தபடியே அதைச் சரிசெய்தார்கள்.

வழிகள் வேறானாலும் தரத்தின் அளவுகோல் ஒன்றே: செய்ததற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். பின்டோஸ் கையேட்டின்படி சோதனைகளுக்குப் பாதி மதிப்பெண், வடிவமைப்பின் தரத்துக்குப் பாதி. இந்த லாக் எதற்கு, வேறு வழியை ஏன் விட்டீர்கள் என்று மாணவர் எழுதித் தர வேண்டும். விடைகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் இந்நாளில், அந்தப் பாதியே பாடத்தின் உயிர்.

ஷெட்யூலிங் கணக்கைத் தனி நிரலாக எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நம் ஆய்வகங்கள் பலவற்றில் வேலை முடிந்துவிடுகிறது. இதை மாற்றப் பெரிய வசதி வேண்டாம்: எக்ஸ்வி6 மூலநிரலும் கையேடும் இலவசம். க்யூஎமு மென்பொருளைக் கொண்டு சாதாரண மடிக்கணினியிலேயே அதை ஓட்டலாம். ஆசிரியர் முதலில் ஒரு ப்ராஜெக்டைத் தாமே முடித்துப் பார்க்கட்டும். அடுத்த பருவத்தில் மாணவருக்கு அந்த ஒன்றை மட்டும் கொடுத்து, எதிரே உட்காரவைத்து விளக்கம் கேட்டு மதிப்பெண் இடட்டும்.