இரண்டு தௌ இடைவெளி

எங்கள் சாளையில் நிற்கும் ஆயில் இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்றுக்கு மேல் போகாது. நாலு ஸ்ட்ரோக் ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி; ஆக நிமிடத்துக்கு 325. அதைக் கேட்டு வளர்ந்த காது எண்ணாமலே எண்ணிக்கொண்டிருக்கும். போன தை மாதம் அந்த 325க்கும் பின்னால் மங்கலாக இன்னொன்று கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல. டீசலை நிறுத்திவிட்டுக் கவனித்தேன். பிளைவீல்கள் தம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன, தட்டு மட்டும் நின்றுவிட்டது. வெடிக்கும்போது கேட்டு, வெறுமனே சுழலும்போது அடங்கும் தட்டு என்றால் அநேகமாகக் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்தான்.

எங்கள் ஊர்ப் பிட்டரைப் போனில் அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர், பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிறது. போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ராடு தட்டுதுங்க தம்பி. கதவத் தொறந்து பாருங்க, நான் சாயங்காலமா வாரேன்" என்றார்.

அந்தக் கதவுதான் இந்த இன்ஜினின் பெரிய அழகு. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த அமைப்பு இது. பிறகு ராஜ்கோட்டுப் பட்டறைகள் அச்சு அசலாக வார்த்து இந்தியா முழுக்க அனுப்பின. கமலை இறைத்த கிணறுகளில் மாட்டுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தவற்றில் இந்த வகையும் உண்டு. கரண்டு மோட்டார் வந்தபின் பல பழைய இரும்புக் கடைக்குப் போயின. எங்களுடையது போகவில்லை. அதற்கு வேலை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருநாள் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிறேன் என்று வீட்டில் சாக்கு.

காரில் இதே பேரிங்கைப் பார்க்க வண்டிக்குக் கீழே படுத்து, ஆயில் சம்ப்பை இறக்கி, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட வேலை செய்ய வேண்டும். இங்கே மணைக்கட்டையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் இருக்கும் வார்ப்புக் கதவைக் கழற்றினால், இன்ஜினின் வயிறு அப்படியே தெரியும். வடிவமைத்தவன் பழுது பார்ப்பவனையும் நினைத்திருக்கிறான். இன்றைக்கு வரும் இயந்திரங்களில் இந்த மரியாதை குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பேரிங் என்றதும் குண்டு உருளும் வளையம்தான் பலருக்கு நினைவு வரும். இதில் குண்டும் இல்லை, உருளையும் இல்லை. மூங்கில் கணுவை நெடுக்கில் பிளந்ததுபோல இரண்டு அரைவட்டத் தகடுகள், அவ்வளவுதான். ஒன்று ராடின் பக்கம், மற்றது ராடின் அடியில் பூட்டும் கேப்பின் பக்கம். இரண்டும் சேர்ந்து கிராங்க் பின்னைக் கட்டிப் பிடித்திருக்கும். பிடித்திருக்கும் என்றாலும் தொடுவதில்லை. நடுவே இருப்பது எண்ணெய்.

இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம். வெடிக்கும் கணத்தில் அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் இறங்கும் சுமை ஐந்து டன்னுக்கு மேல். நெல் லாரி ஏற்றும் சுமையில் ஏறக்குறையப் பாதி. அது மணிக்கு 19,500 முறை அந்த அரைவட்டத் தகட்டின்மேல் வந்து விழுகிறது. இரும்பும் தகடும் ஒட்டாமல் காப்பது சில மைக்ரான் கனமுள்ள எண்ணெய்ப் படலம். சுழலும் பின், எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் குறுகும் இடுக்கில் செருகுகிறது. செருகச் செருக அங்கே அழுத்தம் ஏறி, பின்னைத் தூக்கிவிடுகிறது.

இதை முதலில் பார்த்தவருக்கு அது ஒரு தொல்லையாகத்தான் வந்தது. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்கின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். ஓட்டியதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கிவந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் பிடுங்கி எறிந்தது. அழுத்தமானியைப் பொருத்தினால் முள் 200 பவுண்டைத் தாண்டிப் போயிற்று. பேரிங்கின்மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100தான். அச்சு எண்ணெயில் மிதக்கிறது என்று அந்த மரமுளைதான் சொல்லிக்கொடுத்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். எனக்கு ரெனால்ட்ஸின் சமன்பாட்டைவிட டவரின் முளைமேல்தான் பிரியம்.

சாயங்காலம் பிட்டர் வந்தார். கதவுக்குள் கையை விட்டு ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார், ஆடியது. "இது ஆடோணும்" என்றார். பிறகு மேலும் கீழும் தள்ளினார். அங்கேயும் லேசாக ஒரு 'ணக்'. "இது ஆடக் கூடாது." புதிதாக வருபவர்கள் இடறும் இடம் இது. பின்னின் நீளவாட்டில் ராடு நகர்வது இயல்பு. அதைப் பார்த்துப் பேரிங் போச்சு என்று முடிவுகட்டி நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

பிரிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயிலை வடித்து, ஹெட்டை எடுத்து, கதவு வழியாகக் கேப்பின் நட்டுகளைக் கழற்றி, பிஸ்டனோடு ராடை மேலே உருவ வேண்டும். கவனம் ஒன்றுதான்: ராடிலும் கேப்பிலும் ஒரே பக்கமாகக் குத்தியிருக்கும் அடையாளம். கேப்பைத் திருப்பிப் பூட்டினால் வட்டம் வட்டமாக இருக்காது. கேப்பின் அடியில் எண்ணெய் வாரித் தெளிக்கும் சிறு கரண்டி எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்த வேலையின் ருசி, கழற்றிய பழைய தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது தொடங்குகிறது. ஜாதகம் பார்ப்பவர் கட்டத்தைப் பார்ப்பதுபோல் பிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல தேய்மானம் பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தில், தகடு முழுக்க ஒரே சீராக இருக்கும். நீளக் கோடுகள் ஓடினால் எண்ணெயில் மண். எதிரெதிர் ஓரங்களில் மட்டும் பளபளத்தால் ராடு வளைந்திருக்கிறது. ஏரி வறண்டு வெடித்ததுபோல் விரிசல் பின்னியிருந்தால் உலோகம் சுமை தாங்கித் தாங்கிச் சோர்ந்துவிட்டது. பால்கோவாவைக் கரண்டியால் இழுத்ததுபோல் பூசினாற்போல இருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. தகட்டின் முதுகையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கரும்புள்ளி இருந்தால், முன்பு மாட்டியவர் துடைக்காமல் மாட்டியிருக்கிறார். அந்தத் துணுக்கு முதுகில் முட்டி, நெஞ்சில் மேடாகத் தேய்ந்திருக்கும்.

எங்கள் தகடுகளில் மேல்பாதிதான் தேய்ந்திருந்தது. கீழ்ப்பாதி கிட்டத்தட்டப் புதிது. நிதானமாக ஓடும் டீசல் இன்ஜினின் கையெழுத்து அது: வெடியின் சுமை முழுக்க மேலிருந்து வருகிறது, கேப்புக்குப் பெரிய வேலை இல்லை. வேகமாகச் சுற்றும் இன்ஜின்களில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் வீச்சு கேப்பையும் பிடுங்குவதால் கீழ்த் தகடும் தேயும். மேல்பாதியில் நாலைந்து கோடுகளும், ஒரு கோட்டின் முடிவில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு கறுப்புத் துணுக்கும் இருந்தன. பிட்டர் நகத்தால் நெருடிப் பார்த்தார். வரவில்லை. "முழுங்கிருச்சு பாருங்க."

முழுங்குவதற்காகவே செய்த உலோகம் அது. பட்டறையில் ஒயிட் மெட்டல் என்பார்கள். அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் 1839-இல் கொண்டுவந்த கலவையின் வம்சம்: பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் மெத்தென்ற பரப்பில் கடினமான சின்னச் சின்னக் கட்டங்கள் பதிந்திருக்கும், ரவைக் கேசரியில் முந்திரிபோல. மண் துணுக்கு வந்தால் மெத்தையில் புதைத்துக்கொண்டு கிராங்க் பின்னைக் கீறாமல் விடும். தகடு சில நூறு ரூபாய். கிராங்க்கை வெளியே எடுக்க இரண்டு பிளைவீலின் சாவிகளையும் தட்டிக் கழற்றியாக வேண்டும்.

பிட்டரின் இளமையில் தயார்த் தகடு எல்லோருக்கும் எட்டாது. ராடிலேயே ஒயிட் மெட்டலைக் காய்ச்சி ஊற்றுவார்களாம். சூடு பார்க்க விளக்குமாற்றுக் குச்சியை முக்கி எடுத்து, அது எந்த நிறத்தில் கருகுகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். ஆறியபின் கடைந்து, பின்னில் நீல மை தடவி, ராடை மாட்டிச் சுற்றிக் கழற்றினால் மேடான இடமெல்லாம் நீலப்பொட்டு. பொட்டை மட்டும் சுரண்டியால் வழிக்க வேண்டும். மறுபடி மை, மறுபடி பொட்டு. ஒன்றிரண்டு பெரிய திட்டாக இருந்தது, நாள் போகப் போகத் தகடு முழுக்கத் தினை தூவியதுபோல் ஆகும்வரை. கடைசியாக, பிஸ்டன் மாட்டாத வெறும் ராடைப் பின்னில் பூட்டிக் கிடையாகத் தூக்கி விடுவார். பொத்தென்று விழுந்தால் லூஸ். அப்படியே நின்றால் டைட். யோசித்துக்கொண்டே இறங்குவதுபோல் இறங்க வேண்டும். அவர் கையைக் கிடையாக நீட்டி, மெல்ல இறக்கிக் காட்டினார். இறக்கிய வேகத்தை எழுத்தில் சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் வேலை அவ்வளவு பெரிதல்ல. பின்னை மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளந்தேன். வெடி விழும் திசையில் அது ஒரு தௌவுக்குச் சற்றுக் குறைவாக முட்டைவடிவம் ஆகியிருந்தது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய மூன்று தௌ. பட்டறைக்கு அனுப்பிப் பின்னைப் பத்து தௌ குறைத்துக் கடைந்து, அண்டர்சைஸ் தகடு போடலாமா என்று எனக்கு ஆசை. பிட்டர் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரம் ஒருநா ஓட்றதுக்கா?" ஸ்டாண்டர்டு தகடே போதும் என்று ஆயிற்று. உப்புத்தாளால் பின்னை உருட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கேப்பை அரத்தால் ராவித் தட்டை அடக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மாட்டுவதில் முக்கால்வாசி நேரம் துடைப்பதிலேயே போனது. காட்டன் வேஸ்ட் நூல் உதிர்க்கும், ஆகாது. வெளுத்து வெளுத்து மெலிந்த பழைய வேட்டிக் கிழிசல்தான் சரி. தகட்டின் முதுகில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. முதல்முறை நான் அன்பு மிகுதியில் இருபுறமும் தடவிவிட்டேன். பிட்டர் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு 'டக்' என்று உட்காருவது ஒரு தனிச் சுகம். உட்கார்ந்தபின்னும் அதன் இரு நுனிகள் மயிரிழை வெளியே நிற்கும். பிழையென்று நினைத்து அதைத்தான் பலர் ராவுகிறார்கள். கேப்பை இறுக்கும்போது அந்த மயிரிழை நெருங்கித்தான் தகட்டை ராடோடு அமுக்கிப் பிடிக்கிறது.

இடைவெளி பார்க்க என்னிடம் பிளாஸ்டிகேஜ் இருந்தது. மெழுகு இழைபோல ஒரு நூல். பின்னின்மேல் நீளவாக்கில் வைத்து, கேப்பை அளவோடு இறுக்கி, சுற்றாமல் மறுபடி கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். பட்டை எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டேன்: இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில். பின்னின் விட்டம் சுமார் இரண்டு அங்குலம். அங்குலத்துக்கு ஒரு தௌ என்ற பழைய கணக்கில் சரிதான். பிட்டருக்கு நூலின்மேல் நம்பிக்கை வரவில்லை. சட்டைப்பையிலிருந்து சிகரெட் ஒன்றை எடுத்து, புகையிலையை உதிர்த்து, தாளில் ஒரு கீற்று கிழித்தார். ஏறக்குறைய ஒரு தௌ கனம். ஒரு கீற்று வைத்து இறுக்கிப் பிளைவீலைச் சுற்றினோம், சுற்றியது. இரண்டு கீற்று வைத்தோம், கனத்துச் சுற்றியது. மூன்றாவதுக்குப் பிடித்துக்கொண்டது. "ரெண்டு" என்றார். உதிர்த்த சிகரெட்டுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

தாளை எடுத்து, எண்ணெய் பூசி, கேப்பை முடிவாகப் பூட்டி, புது ஸ்பிளிட் பின் செருகி விரித்தோம். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது பத்து ரூபாய் மிச்சம் பிடித்து ராடைக் கதவு வழியாக வெளியே பார்ப்பதற்கு ஒப்பு.

மறுநாள் காலை டீசல் திறக்காமல் கையாலேயே நெடுநேரம் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினேன். சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து கேப்பின்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஆறிய காபி டம்ளரின் சூடு. மறுபடி அரைமணி, மறுபடி கை. 325க்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை.

இருபத்தைந்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை வடித்தேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்ப்பது பிட்டர் சொன்ன முறை. பேரிங் தேய்ந்தால் அதில் ஜிகினா மினுங்கும். சாய்த்தேன். கறுத்த எண்ணெய் வழிந்து போன தடத்தில் ஒன்று மினுங்கியது. இன்னொன்றும் இருந்தாற்போல் தோன்றியது. தட்டைத் திண்ணைக்கு எடுத்துப் போய்ப் பிட்டருக்கு மறுபடியும் போன் போட்டேன்.