எட்டடி கேட், எட்டாத கதவு

சமையல் மேடைக்கு கிரானைட் வாங்க நாலு கடை ஏறி இறங்குவோம். வாசக்கதவு தேக்கா, வேங்கையா என்று ஒரு மாதம் பஞ்சாயத்து நடக்கும். ஆனால், காம்பவுண்டு கேட் எத்தனை அடி என்று கேட்டால், “எட்டடி விட்டிருக்கோம் சார். மேஸ்திரி போதும்னுட்டார்” என்று பதில் வரும்.

போதுமா? யாருக்கு?

மாருதி 800-க்குத் தாராளமாகப் போதும். 1983-ல் வந்த அந்த வண்டியின் பிற்கால மாடலுக்கு அகலம் 1.44 மீட்டர். ஐந்தடிகூட இல்லை. ஊரே பெரிய வண்டி என்று சொன்ன அம்பாஸடர், ஐந்தரை அடிக்குள் அடக்கம். இரண்டுமே 2014-ல் தயாரிப்பை நிறுத்தின. கார்கள் போய்விட்டன, அவற்றுக்கு அளவெடுத்த கேட் மட்டும் இன்னும் சிமென்ட்டில் நிற்கிறது.

இப்போது வீட்டுக்கு வரும் வண்டிகளைப் பாருங்கள். ஹூண்டாய் கிரெட்டா 1.79 மீட்டர், இன்னோவா ஹைக்ராஸ் 1.85, ஸ்கார்ப்பியோ என் 1.91-க்கும் மேல். இதெல்லாம் கம்பெனி சொல்லும் அகலம். இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் வராது.

நான் படித்தது பி.காம். கழிவெல்லாம் போக மிஞ்சுவதுதான் நிகரம் என்பது அங்கே பாலபாடம். கேட்டுக்கும் அதே கணக்குத்தான். தூணுக்குத் தூண் எட்டடி என்பது மொத்தம். அதில் கீல் கழிவு, திறந்து நிற்கும் இரும்புக் கதவின் தடிமன் கழிவு, தாழ்ப்பாள் கழிவு. பக்கத்துக்கு மூணு அங்குலம் போனால் நிகரம் ஏழரை அடி. ஹைக்ராஸ் ஆறு அடி ஒரு அங்குலம். விரித்த கண்ணாடிகளோடு இன்னும் கூடும். பக்கத்துக்குச் சில அங்குலம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்!

அதுவும் வண்டி நேராக வந்தால்தான். நம் தெருக்களில் எந்த வண்டி நேராக வருகிறது? இருபது அடித் தெரு, எதிரே இரண்டு பைக், ஓரத்தில் ஒரு மின்கம்பம். வண்டி வளைந்துதான் நுழைய வேண்டும். வளையும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தூணில் உரசுவது பெரும்பாலும் பின்கதவாக இருப்பது இதனால்தான். ஆக, தெரு எவ்வளவு குறுகலோ, கேட் அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. சின்னத் தெருதானே, சின்ன கேட் போதும்!

அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. ஒற்றை கராஜ் கதவு அங்கே 8 அல்லது 9 அடி, இரட்டைக்கு 16 அடி. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பைக் கண்ணாடிகளோடு அளந்தால் கிட்டத்தட்ட 8 அடி! பழைய கராஜைப் புதுப்பிக்கிறவர்கள், நடுத்தூணை எடுத்துவிட்டு ஒரே 16 அடிக் கதவு போடலாமா, 9 அடியில் இரண்டு போடலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால், அங்கே பல வீடுகளில் தெருவிலிருந்து நேராக ஏறும் டிரைவ்வே இருக்கும். நமக்கு வாசலிலேயே தெரு.

சரி, இடித்து அகலப்படுத்தலாம் என்றால், சுத்தியலை எடுக்கும் முன் ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் போர்டிகோ தூண் மேல் ஒரு ரூமே உட்கார்ந்திருக்கும். எந்தத் தூண் பாரம் தாங்குகிறது, எது சும்மா அழகுக்கு நிற்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். மேஸ்திரியின் தைரியம் இங்கே செல்லாது.

அகலப்படுத்திய கேட்டுக்குக் கதவு எப்படி? உள்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு என்றால், பத்தடி கேட்டுக்கு உள்ளே ஐந்தடியைக் கதவே தின்னும். காருக்குப் பதினைந்தரை அடி, ஆக இருபதரை. வெளிப்பக்கம் திறந்தால் தெருவில் போகிறவர் முகத்தில் அடிக்கும். அது நாகரிகமும் இல்லை, நியாயமும் இல்லை. ஸ்லைடிங் என்றால், பத்தடி கேட் ஒதுங்க இன்னொரு பத்தடி சுவர் வேண்டும். அதோடு, தண்டவாளத்தின் முடிவில் ஸ்டாப்பர் உறுதியாக இருக்க வேண்டும். கனமான கேட் சரிந்து குழந்தைகள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். டிசைன் தகடுக்குச் செலவழிக்கிறவர்கள் ஸ்டாப்பரில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஃபிளாட்வாசிகளும் தப்பவில்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஹைக்ராஸை நிறுத்தினால் மிச்சம் 65 சென்டிமீட்டர். அதை இரண்டு பக்கமும் பிரித்தால் ஒரு முழம்கூட வராது. அதற்குள் கதவைத் திறந்து, புடவை கட்டிய ஒரு பாட்டி இறங்க வேண்டும்! பிளானில் வரைந்த கார் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஏனென்றால், பிளானில் இருக்கும் காரின் கதவை யாரும் திறப்பதில்லை.

நுழைய முடியாத கார் எங்கே போகிறது? தெருவுக்கு. ‘கேட் முன் வண்டி நிறுத்தாதீர்’ என்று போர்டு மாட்டிய வீட்டுக்காரரின் சொந்தக் கார், கவர் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரோரம் தூங்குகிறது. இருபது அடித் தெரு பன்னிரண்டாகிறது. ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் ஹாரன் அடித்து ஆளை எழுப்ப வேண்டும். நம் கேட்டில் மிச்சம் பிடித்த ரெண்டடிக்குத் தெருவே வாடகை கட்டுகிறது.

அதற்காகப் பதினாறு அடியைத் திறந்து விடுங்கள் என்று சொல்லவில்லை. திண்ணையை ஏற்கெனவே காருக்குத் தாரை வார்த்தாகிவிட்டது. மிச்சமிருக்கும் ரெண்டு செடியையும் விட்டுவிட வேண்டாம். என் கணக்கில் ஒரு காருக்கு நிகரமாகப் பத்தடி. தெரு இருபது அடிக்கும் குறைவென்றால் பன்னிரண்டு. பால்காரரும் பிள்ளைகளும் வந்துபோக, கோயில் பெரிய கதவில் வைப்பார்களே திட்டிவாசல், அந்த மாதிரி தனியாக ஒரு மூணடிக் கதவு.

நம்பிக்கை இல்லையா? ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். ஏதாவது காலி மைதானத்தில் மேஸ்திரி சொன்ன அளவில் கேட்டையும் நிறுத்தும் இடத்தையும் வரைந்து, வண்டியைத் திருப்பி உள்ளே விடுங்கள். பிறகு, வீட்டில் முழங்கால் வலி உள்ளவரை, கோட்டைத் தாண்டாமல் கதவைத் திறந்து இறங்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அளவு. மேஸ்திரியிடம் அதைச் சொன்னால் போதும்.