ஸ்ரீவைகுண்டம் என்று தேடினால் என்ன கிடைக்கும்?

2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றி இங்கே புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு எங்க ஊர் ஸ்டேஷனில் நின்றுபோனது. அதை நாடே பார்த்தது. நான் எழுத வந்தது ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றி.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆத்தோரக் கிராமம் ஒன்றில் எங்க ஆச்சி இருக்கிறாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியில் மூணு நாள் தண்ணி நின்றது. திறந்து பார்த்தபோது 1968-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஊறிப்போன அவல் மாதிரி இருந்தது. தாத்தா வாங்கின வயல். ஆச்சி அழவில்லை. "எய்யா, எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லுதாவளே, அதுல இருந்து ஒண்ணு எடுத்துக் குடு" என்றாள்.

ஆராய்ச்சி, கட்டுரை என்று பேர் பண்ணிக்கொண்டு திரிகிறவன் நான். இது எனக்கு ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்த தேடலின் குறிப்புகள்தான் இவை. புத்தக விமர்சனம் எழுதுகிற மாதிரி, தமிழ்நாட்டு அரசின் இணையப் பதிவுகளை ஒரு நூலாக நினைத்து விமர்சனம் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்க முடிகிறது. ஒருகாலத்தில் இதில் எது வேண்டுமானாலும் கிராம நிர்வாக அலுவலர் வருகிற நேரத்துக்குக் காத்துக் கிடக்கணும். அதுக்கும் முன்னால், 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைப் பதவிகளை ஒழிக்கும்வரைக்கும், கர்ணத்துடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கணும். கணக்கு அவர் வீட்டுப் பெட்டிக்குள்ளே இருக்கும். அந்தப் பெட்டி இன்றைக்கு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் திண்ணையில் காத்திருந்தவர்கள் இல்லை.

ஆனால் பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு. இதில் ஒன்று தப்பினாலும் ஒன்றும் கிடைக்காது. ஆச்சியிடம் இருந்த சாவி இதுதான்: "வாய்க்காலுக்கு வடக்க, பிள்ளையார் கோயில் பத்துக்குக் கெழக்க, ரெண்டு மரக்கால் வெதப்பாடு." எங்க பக்கம் பழைய பத்திரங்களில் நிலத்தின் அளவு கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றுதான் இருக்கும். எவ்வளவு விதை போடலாமோ அவ்வளவு நிலம். அதற்குப் பிறகு ஏக்கரும் சென்ட்டும் வந்தது. 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், ஹெக்டேரும் ஏரும் வந்து உட்பிரிவுகளும் மாறின. ஆக, ஆச்சி சொன்னதிலிருந்து திரையில் கேட்கிற கட்டத்துக்குப் போகணும்னா நடுவில் மூணு மொழிபெயர்ப்பு செய்யணும். அந்த மொழிபெயர்ப்பைச் செய்து தருகிற பக்கம் எதுவும் எனக்குச் சிக்கவில்லை. வயசான ஒரு ஓய்வுபெற்ற சர்வேயர்தான் ஒரு டீக்கு உட்கார்ந்து செய்து கொடுத்தார்.

அடுத்த சிக்கல் பேர். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் தேடல் பாதி இங்கேதான் சாகிறது.

1986 அக்டோபர் வரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். பிறகு சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பேரை எல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது தூத்துக்குடி மாவட்டம். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்க ஊர் வேண்டுமானால் திருநெல்வேலிக்குள் தேடணும், 1991-இல் சிதம்பரனாருக்குள், 2001-இல் தூத்துக்குடிக்குள். ஆங்கிலத்தில் தேடினால் அது வேறு கூத்து. தூத்துக்குடியை வெள்ளைக்காரன் டூட்டிகொரின் ஆக்கினான். நம்ம அரசு அதைத் தமிழ் உச்சரிப்புக்குத் திருப்பினது. 2011 கணக்கெடுப்பில் நடுவில் ஒரு 'க்' கூடுதலாக நிற்கிறது. 2020 ஜூனில் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஒரு அரசாணை வெளியானது. கேலி பொறுக்காமல் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மனிதன் சிரித்துவிட்டுப் போய்விடுவான், தேடுபொறிக்கு அந்த 'க்' தனி ஊர்.

ஸ்ரீவைகுண்டமே ஒரு எழுத்தில் இல்லை. தமிழில் ஸ்ரீவைகுண்டம், திருவைகுண்டம், வைகுண்டம். ஆங்கிலத்தில் 'ட'வுக்கு ஒருத்தர் ஒரு எழுத்து போடுவார், இன்னொருத்தர் வேறு எழுத்து. போதாக்குறைக்கு ஏரல் சமீப வருஷங்களில் தனி வட்டமாகிவிட்டது. எங்க வட்டத்தில் இருந்த கிராமங்கள் சில அந்தப் பக்கம் போயின. பத்திரத்தில் ஸ்ரீவைகுண்டம் தாலுகா என்று இருக்கும் கிராமம் திரையில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வராது. கிராமமே காணாமப் போச்சோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.

இது நிலத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005 பட்டியல்களில் தன் பேரையோ அப்பா பேரையோ கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாத்தான்குளம்காரர் தன் பழைய தொகுதியை இன்றைய பட்டியலில் தேடினால் கிடைக்காது. 2008 மறுவரையறையில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. ஓட்டு இருக்குமா போகுமா என்கிற விஷயத்தில் ஒருத்தருக்குத் தொகுதி மறுவரையறை வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒரு சின்ன அட்டவணை போதும்: இன்ன ஊர், இன்ன வருஷம், இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன தொகுதி. நூலகத்தில் அட்டை எழுதுகிறவர்கள் 'இன்னொரு பேருக்கு அங்கே பார்க்க' என்று ஒரு வரி போடுவார்கள். அந்த ஒரு வரிதான் நான் கேட்பது.

மூன்றாவது, எழுத்துரு. இதுக்காக நான் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அரசு அலுவலகங்களில் வருஷக்கணக்காக வானவில் ஔவையார் மாதிரியான எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போட்டிருக்கும். நம் கண்ணுக்கு 'ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு' என்று தெரிவது கணினிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நகல் எடுத்து ஒட்டிப் பாருங்கள், தெரியும். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், ஒருங்குறியும் டேஸ்-16-ம்தான் இனி தரம் என்று அரசே ஆணை போட்டது. அதற்கு முன்னால் உண்டான பி.டி.எப்.கள் அப்படியே கிடக்கின்றன. மீதி எல்லாம் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டு ஸ்கேன் செய்த படம். ஏற்றியாயிற்று என்று கணக்குக் காட்டலாம், தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அரசாணைகளுக்கும் இதே கதிதான். 'அரசாணை எண் 42' என்று யாராவது சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. நிலையா வாலாயமா, எந்தத் துறை, எந்தத் தேதி என்று சேர்த்துச் சொல்லணும். எண் துறைக்குத் துறை, வருஷத்துக்கு வருஷம் புதுசாக ஆரம்பிக்கும். துறையின் பேர் மாறினால், பிரிந்தால், முடிந்தது. பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை 2021-இல் தனியானது. ஆற்றைப் பற்றித் தேடுகிறவன் ரெண்டு வீட்டுக் கதவையும் தட்டணும். இலங்கை அரசு தன் வர்த்தமானியை வரிசை எண்ணும் தேதியும் போட்டு, தமிழ் உட்பட மூன்று மொழியிலும் ஒரே தளத்தில் அடுக்கி வைக்கிறது. அங்கே ஆயிரம் குறை உண்டு, ஆனால் எண் தெரிந்தால் தாள் கையில்.

ஆற்றுக்கு வருகிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். எங்களுடையது கடைசி, 1870-களில் வெள்ளைக்காரன் காலத்தில் முடிந்தது. வடகால், தென்கால் ரெண்டிலுமாக 25,560 ஏக்கர் பாசனம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு எல்லாம் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில். வெள்ளம் வந்து விழுந்தது தூத்துக்குடி மாவட்டத்தில். டிசம்பர் 17 ராத்திரி மேலே எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், கீழே அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு போனது என்று மணிவாரியாக ஒரே தாளில் பார்க்க ஆசைப்பட்டேன். என் கைக்கு வந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத செய்தித்தாள் எண்கள். மழை அளவை வானிலை மையம் அன்றன்றைக்கு வெளியிடுவதால்தான் மேலே நான் 62 என்று தைரியமாக எழுத முடிந்தது. முறப்பநாட்டில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அது எங்களுக்கு மேலே, அதற்குக் கீழே நடந்ததைச் சொல்லாது. 2015-இல் அணைக்கட்டைத் தூர்வாரச் சொல்லி தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. எடுத்த மண் எத்தனை கன மீட்டர், இன்னும் கிடக்கிறது எத்தனை? வெள்ளத்துக்குப் பிறகு டீக்கடையில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பதில் அரசு தளத்தின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இதே ஆற்றைப் பற்றி 1879-இல் ஏ. ஜே. ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேடும், 1917-இல் எச். ஆர். பேட் எழுதிய கெஜட்டியரும் இணைய நூலகங்களில் நிமிஷத்தில் கிடைக்கின்றன. பக்கத்து ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ 1915-இல் வெளியிட்ட பொருட்பட்டியலும் அப்படித்தான். அதே ஆதிச்சநல்லூரில் 2004-இல் தொடங்கிய மத்திய தொல்லியல் துறை அகழாய்வின் அறிக்கைக்கு பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், நீதிமன்றமும் ஏறவேண்டி வந்தது. இதைப் பார்த்து 'வெள்ளைக்காரன் காலமே தேவல' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. அவர்கள் எழுதியது வரி வசூலிக்க. எங்க ஆச்சியின் ஆச்சி அந்தக் கையேட்டைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் அவர்கள் தங்களுக்குப் பின்னால் வருகிற அதிகாரிக்கு விளங்கணும் என்று எழுதினார்கள், அதனால் நமக்கும் விளங்குகிறது. இன்றைய தளங்கள் இன்று மனுப் போட வந்தவனுக்காக மட்டும் கட்டப்பட்டவை. சான்றிதழ் கொடுக்கிற ஜன்னல் இருக்கிறது, பதிவேட்டைப் புரட்டுகிற மேசை இல்லை. தேடி எடுத்த பக்கத்துக்கு நிலையான முகவரி இல்லாததால் இன்னொருத்தருக்கு அனுப்பக்கூட முடிவதில்லை.

சட்டத்தில் குறை இல்லை. தகவல் உரிமைக்குத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது. 2005 மத்தியச் சட்டத்தின் பிரிவு 4(1)(பி), யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை வெளியிடச் சொல்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுவது அதற்குப் பிறகு வரவேண்டிய வழி. நடைமுறையில் அதுவே முதல் வழியாகிவிட்டது. நானும் போட்டேன், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 6(3)-இன் கீழ் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நேரில் போனேன். "நெட்ல இருக்கும், பாருங்க சார்" என்றார்கள். நெட்டில், அலுவலகத்தை அணுகவும் என்று இருந்தது.

எல்லாவற்றையும் திறந்து வைக்கணும் என்றும் நான் சொல்லவில்லை. யாருடைய சொத்தின் வில்லங்கத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதில், தனியாக வாழ்கிற வயசான பொம்பளைக்கு ஆபத்து இருக்கிறது. அதையே சாக்காக வைத்து, தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்ற பேரில் 2023 சட்டம் தகவல் உரிமையின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது எனக்கு உறுத்துகிறது. அணைக்கட்டுத் தண்ணியில் யாருடைய அந்தரங்கமும் ஓடவில்லை.

சரி, ஆச்சியின் பத்திரம். இணைய வில்லங்கம் பொதுவாக 1975-இலிருந்துதான். 1968-க்குக் கையால் தேடணும். சர்வேயர் சொன்ன பழைய எண்ணை வைத்து மனு எழுதி, பழைய அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லி, நாலு நடை நடந்தபின் நகல் கிடைத்தது. 'திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவைகுண்டம் தாலுகா' என்று ஆரம்பித்தது. எல்லை, ஆச்சி சொன்னது சொன்னபடி, வாய்க்காலுக்கு வடக்கு, பிள்ளையார் கோயில் பத்துக்குக் கிழக்கு. வாசித்துக் காட்டினேன். "நாந்தான் அப்பவே சொன்னேம்லா" என்றாள். புது நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு, இந்த முறை பரண் மேலே வைத்திருக்கிறோம். என் கணினியில் உள்ள ஸ்கேனுக்குப் பேர் வைக்கும்போது மாவட்டத்தின் மூணு பேரையும், வட்டத்தின் ரெண்டு பேரையும், ஊரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே வைத்தேன். பேர் நீளம் தாங்காமல் கணினி ஒருமுறை மறுத்துவிட்டது. 'வைகுண்டம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டேன்.