ஓலையில் எழுதாதது

பரமார்த்த குருவின் சீடர் ஐவரை நாம் எல்லோரும் அறிவோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை மரக்கிளையில் சிக்கிக் கீழே விழுகிறது. எடுக்கும்படி உத்தரவு இல்லையே என்று சீடர்கள் பேசாமல் நடக்கிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கடிந்துகொண்டதும் குதிரையின் சாணத்தையும் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். தொல்லை தீர, எவற்றையெல்லாம் எடுக்கவேண்டும் என்று ஓர் ஓலையில் எழுதித் தருகிறார் குரு. பிறகு குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை விரித்துப் படித்துத் தலைப்பாகையை எடுக்கிறார்கள், வேட்டியை எடுக்கிறார்கள், குருவை மட்டும் எடுக்கவில்லை. ஓலையில் அவர் இல்லை. ஆடையின்றிக் கிடந்தபடியே ஓலையை வாங்கி, தம்மையும் தூக்கிவிடுமாறு எழுதிக் கொடுத்த பின்புதான் அவருக்கு மீட்சி கிடைக்கிறது.

இக்கதையை எழுதிய வீரமாமுனிவரே தேம்பாவணியையும் பாடினார். குரு கதை 1822-இல் பாபிங்டன் என்பாரின் முயற்சியால் இலண்டனில் அச்சேறியது. தேம்பாவணியோ 1726-இல் நிறைவெய்திய நூல். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல். ஒன்றைச் சிரிப்பதற்கும் மற்றொன்றை விழா மேடையில் போற்றுவதற்கும் என்று நாம் வேறுவேறு அலமாரியில் வைத்துவிட்டோம். இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. சட்டத்தின் எழுத்தை மட்டும் பற்றிக்கொள்பவன் எங்கே போய் முடிவான் என்பதைக் குரு கதை காட்டுகிறது. சட்டத்தை மதிக்கும் ஒருவன், அந்தச் சட்டமே கூரிய கத்தியாகத் தன் கையில் கிடைக்கும்போது என்ன செய்வான் என்பதைத் தேம்பாவணியின் இரண்டு படலங்கள் காட்டுகின்றன. அவ்விரண்டு படலங்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

வாசுதேவநல்லூரில் தவக்கால மாலைகளில் நாலைந்து பேர் கூடி அவற்றைப் படித்தோம். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையிலிருந்து திரும்பியவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தையல் வேலை செய்பவர் ஒருவர் என்று புலமைக்குத் தொடர்பில்லாத கூட்டம் அது. முனிவர் நமக்கு அயலார் அல்லர். கிழக்கே கோவில்பட்டிப் பக்கத்தில் அவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி இருக்கிறது. ஆகஸ்டு 15 பரலோக மாதா திருவிழாவுக்கு நம் பக்கத்து ஆட்களும் போய்வருகிறார்கள். ஆனால் அவருடைய காப்பியத்தை அதற்குமுன் நம்மில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காப்பியத் தலைவன் வளன். அதாவது புனித சூசையப்பர். மணஒப்பந்தம் முடிந்து, கூடி வாழுமுன் மரியன்னை கருவுற்றிருக்கக் காண்கிறார். மத்தேயு நற்செய்தி இந்நிகழ்ச்சி முழுவதையும் ஏழெட்டு வசனங்களில் சொல்லி முடித்துவிடுகிறது. முனிவரோ முதற்காண்டத்தில் இதற்கென இரண்டு படலங்களை ஒதுக்கினார். ஒன்று ஐயம் தோற்று படலம். அடுத்தது ஐயம் நீங்கு படலம். தலைப்பில் 'ஐயம்' என்ற சொல்லை வைக்க அவர் கூசவில்லை என்பதை முதலில் கவனிக்கவேண்டும். தன் வழிபாட்டுக்குரிய புனிதரைப் பாடும் ஒரு துறவி, அப்புனிதரின் மனத்தில் எழுந்த ஐயத்துக்கு ஒரு முழுப் படலத்தைத் தருகிறார் என்றால் அது சிறிய துணிவன்று.

இந்த ஐயம் எத்தகையது என்பதில் திருச்சபைத் தந்தையரே ஒன்றுபடவில்லை. சூசையப்பர் உண்மையிலேயே சந்தேகித்தார் என்பது புனித அகுஸ்தினார், புனித கிறிசோஸ்தோம் ஆகியோரின் கருத்து. மரியாவின் தூய்மையை அவர் அறிந்திருந்தார், நிகழ்ந்தது என்னவென்று விளங்காமல் திகைத்தார் என்பது புனித எரோணிமுஸ் கருத்து. இறைமறைபொருளின்முன் தமக்குத் தகுதியில்லை என்றஞ்சி விலக நினைத்தார் என்று புனித பெர்நார்து கூறுவார். பக்திக்கு இனிமையானது மூன்றாவது விளக்கம். நம் மறையுரைகளிலும் அதற்கே செல்வாக்கு அதிகம். நாம் முதல் விளக்கத்தின் பக்கம் நிற்கிறோம். அவள் குற்றமற்றவள் என்று ஐயமற அறிந்தவன் அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதில் வியப்பொன்றும் இல்லை. அறியாதவன், தன் நெஞ்சு எரிகிறபோதும் அவளை அவமானப்படுத்த மறுக்கிறான் என்றால் அங்கேதான் அறம் இருக்கிறது. சூசையப்பர் சட்டத்துக்கும் மேலான நெறியில் நடந்தார் என்று கிறிசோஸ்தோம் விளக்குவதும் இதனாலேயே.

சட்டம் அவருக்குச் சாதகமாகவே இருந்தது என்பதை மறக்கக்கூடாது. மணஒப்பந்தமான பெண் பிறனோடு கூடியது மெய்யானால் கல்லெறிந்து கொல்லும் தண்டனையை இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. 24-ஆம் அதிகாரத்தில் மணவிலக்குச் சீட்டுக்கு இடமிருக்கிறது. சூசையப்பர் சட்டத்தை மீறவுமில்லை, தூக்கி எறியவுமில்லை. அது அனுமதித்த வழிகளுள் அந்தப் பெண்ணுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்யும் வழியைத் தேடி, மறைவாக விலக்கிவிட எண்ணினார். இப்படி எண்ணியதற்குக் காரணமாக மத்தேயு சொல்வது அவர் நீதிமான் என்பதையே. பழைய மொழிபெயர்ப்பில் நீதிமான். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நேர்மையாளர். நீதிமான் என்றதும் நம் செவிக்குத் தீர்ப்பு வழங்குகிறவர் நினைவுக்கு வருகிறார். இந்த நீதிமானோ தீர்ப்பு வழங்கும் உரிமை கையிலிருந்தும் வழங்காமல் விடுகிறார்.

புதிய ஏற்பாட்டு நூல்களின் வரிசையில் நீதிமான் என்று முதன்முதலாக அழைக்கப்படுபவரும் இவரே. அதே மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், மறைநூல் அறிஞர், பரிசேயரின் நெறியினும் உங்கள் நெறி சிறந்திருக்கவேண்டும் என்று ஆண்டவர் மலைமேல் போதித்ததை எழுதுகிறார். இருபத்து மூன்றாம் அதிகாரத்தில், புதினாவுக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒரு பங்கு அளந்து கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அங்கும் கூட, சிறியவற்றைச் செய்யாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. 'மனம் சுத்தமாயிருந்தால் போதும், கோவிலென்ன பூசையென்ன' என்று ஞாயிறு காலையில் தோட்டத்துக்குப் போய்விடுகிறவர்களுக்கு அந்த அதிகாரம் ஆதரவாக நில்லாது. அகம், புறம் என்று இரண்டாகப் பிரித்து ஒன்றை வைத்துக்கொள்வது எளிது. சூசையப்பர் அப்படிப் பிரிக்கவில்லை.

இங்கே இடைப்பிறவரலாக ஒன்று. 2021-இல் மார்ச் 19 தவக்கால வெள்ளிக்கிழமையில் வந்தது. சூசையப்பர் பெருவிழா அன்று இறைச்சி உண்ணலாமா, சுத்தபோசனம் காக்கவேண்டுமா என்று நம் தெருவில் பெரிய விவாதம் எழுந்தது. பெருவிழா வெள்ளியில் அமைந்தால் அக்கடன் கட்டாயமில்லை என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1251-ஆம் எண் கூறுகிறது. அதைத் தேடிப்பிடிப்பதில் நமக்கிருந்த சுறுசுறுப்பு, அன்றைய விழா நாயகர் எதற்காக நீதிமான் எனப்பட்டார் என்று கேட்பதில் இருக்கவில்லை. அது திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த சூசையப்பர் ஆண்டாகவும் இருந்தது!

காப்பியத்துக்குத் திரும்புவோம். தமிழ்க் காப்பியச் சுவை அறிந்த ஒருவர் இப்படலத்தைக் கேட்கும்போது அவர் நினைவு சீதையிடம் போகாமலிராது. போர் முடிந்தபின் இராமன் சீதையைப் பலர் காணக் கடுஞ்சொல் சொல்வதையும், அவள் தீப்புகுவதையும் கம்பர் பாடியிருக்கிறார். முனிவர் கம்பரைக் கற்றவர். அவர் நடையே அதற்குச் சான்று. ஐயுறும் கணவன் என்னும் அதே நிலை இங்கும் வருகிறது. ஆனால் சபை இல்லை, சாட்சிகள் இல்லை, நெருப்பு இல்லை. அனைத்தும் ஒருவன் நெஞ்சுக்குள்ளேயே நடக்கின்றன. இராமன் அரசன், உலகம் அறியச் செய்யவேண்டிய கடன் அவனுக்கு இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை இங்கே தீர்க்க முயலவில்லை. தச்சனொருவனின் மனத்தையும் காப்பியத்தின் களமாக்கலாம் என்று முனிவர் கண்டதே நம்மை நிறுத்தி வைக்கிறது.

குறைகளும் உண்டு. சூதேய நாட்டை மருதநிலமாக வருணித்துத் தொடங்கும் காப்பிய மரபு, சூசையப்பரின் வறுமையை அணிகளால் மூடிவிடுகிறது. கையில் காய்ப்பேறிய தச்சனைப் பல இடங்களில் தேடவேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்றை நம் வாசிப்புக் கூட்டத்தில் தையல் வேலை செய்யும் அம்மையார் சுட்டிக்காட்டினார். 'ஐயப்படுகிறவருக்கு ஒரு படலம் கொடுத்தாரே, ஐயப்படப்படுகிறவளுக்கு ஒன்று கொடுத்தாரா?' என்று கேட்டார். நற்செய்தியிலும் மரியன்னை அவ்விடத்தில் பேசுவதில்லை என்று ஆசிரியர் விடையிறுத்தார். அம்மையார் அதனால் அமைதியடையவில்லை, நாமும் அடையவில்லை.

அவர் கேள்வி வெறும் இலக்கியக் கேள்வியன்று என்பது நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்குமுன், பெயர் வேண்டாத ஒரு சிற்றூர்க் கோவிலில் இப்படியொரு வழக்கு வந்தது. மணநாள் குறித்தபின் பெண் கருவுற்றிருப்பது வெளியில் தெரிந்தது. மாப்பிள்ளை அவளை மணக்கவே நின்றான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கவேண்டும், மந்திரிப்பு பீடத்தருகில் கூடாது, மாலையும் முக்காடும் கூடாது என்று தீர்மானித்தார்கள். வழக்கம் அப்படித்தான் என்றார்கள். அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். வழக்கம் அதுவல்ல என்று நமக்குத் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. ஒருசந்தி தவறாதவர்கள், நாற்பது நாளும் சிலுவைப்பாதை விடாதவர்கள் நிறைந்த கூட்டம் அது.

அவ்வூர் உபதேசியார் மட்டும் கூட்டம் கலையுமுன் எழுந்து போனார். ஓலை வாசிப்பதிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டத்திலேயே இடமுண்டு என்பது அவருக்குத் தெரியும். பங்குத்தந்தையிடம் பேசி, எழுத வேண்டியவர்களுக்கு எழுதச் செய்தார். ஒரு வேலைநாளில் விடியற்காலைப் பூசையில், மாலையோடும் முக்காட்டோடும், பீடத்தருகிலேயே மந்திரிப்பு நடந்தது. தீர்மானத்தை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதாக எவரும் கேட்கவில்லை. நாம் அன்று கோவிலுக்குப் போகவில்லை.

வீரமாமுனிவர் தேம்பாவணிக்கு அடுத்த ஆண்டிலேயே, 1727-இல், உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். குரு கதை சிரிக்கவைக்கும், காப்பியம் வியக்கவைக்கும். வேதியர் ஒழுக்கமோ ஊர் ஊராகப் போய் மக்களோடு வாழவேண்டியவருக்கு நேராகச் சொல்லப்பட்டது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் பழக்கம் நம் பங்குகளில் ஏற்பட்டால் நல்லது. தேம்பாவணியை முதற்பாடலிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரப் படலத்தோடு களைத்துவிடுகிறார்கள். அவர்கள் ஐயம் தோற்று படலத்திலிருந்தே தொடங்கலாம். சொல் விளங்காத இடங்களுக்கு உரைநூல்கள் கிடைக்கின்றன. முனிவரே தம் காப்பியத்துக்கு உரைநடை விளக்கம் எழுதிவைத்திருக்கிறார். நம் கூட்டத்தில் ஒரு மாலைக்குப் பத்துப் பாடலுக்குமேல் போக முடியவில்லை. ஐயம் நீங்கு படலத்தில் பாதி இன்னும் மீதி இருக்கிறது.