ஙாரிஞ்சேரிக் கூடைகள்: ஒரு திறனாய்வு

கலைகளைக் கவின்கலை என்றும் கைப்பணி என்றும் இருகூறாக்கி, முன்னதை உயர்ந்ததாகவும் பின்னதைத் தாழ்ந்ததாகவும் கொள்ளும் வழக்கம் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஓவியத்தைக் கண்டு அதன் பொருளை வினவுவோர், கூடையைக் கண்டால் விலையையே வினவுவர். இப்பாகுபாடு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் தென் அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளுள் ஓரினத்தாராகிய ஙாரிஞ்சேரி மக்களின் கூடைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மரே ஆறு கடலையடையுமிடத்தில் அலெக்சாந்திரினா என்னும் பெரிய ஏரியும், கூரொங் எனப்படும் நீண்ட உப்பங்கழியும் உள்ளன. இவற்றைச் சூழ்ந்த நிலமே இம்மக்களின் தாயகம். ஆங்குள்ள ஈரநிலங்களில் வளரும் ஒருவகைக் கோரை அவர்தம் பின்னலுக்கு மூலப்பொருளாகும். நம் வயல்களிற் களையாக வளரும் கோரையும் இதுவும் ஒரே தாவரச் சாதியைச் சேர்ந்தவை. முற்றிய தண்டுகளைத் தெரிந்தெடுத்து, இளந்தண்டுகளை மேலும் வளரவிடுவர். எடுத்தவற்றை உலர்த்தி, வேலை தொடங்குமுன் மீண்டும் நனைத்து வளையும் பதத்துக்குக் கொணர்வர்.

பின்னும் முறை பாய் இழைப்பது போன்றதன்று. இங்கே இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதில்லை. சில தண்டுகளை ஒன்றுசேர்த்துப் புரியாக்கி, அதனை நடுவிலிருந்து சுருளாக வளைத்துச் செல்வர். தனித்தண்டொன்று அப்புரியைத் தழுவி, முந்திய சுற்றிற் புகுந்து, கண்ணியாகி வெளிவரும். ஒவ்வொரு சுற்றும் தனக்கு முந்திய சுற்றையே பற்றி நிற்கின்றது. தொடக்கத்திலே தையல் தளருமாயின், பின்வரும் சுற்றுக்கள் அப்பிழையை வளர்க்குமேயன்றி மறைக்கமாட்டா. முதுகிலணியும் பாய், உணவு சுமக்கும் கூடை, விலாங்கு பிடிக்கும் பறி, இறந்தோரின் எச்சங்களைப் பொதியும் கூடை ஆகிய யாவும் இப்பின்னலின் ஆக்கங்களே. ஒரே அளவான இரு தட்டைகளைப் பின்னி விளிம்பிலே பொருத்தியமைக்கும் கூடைக்குச் சகோதரிக் கூடை என்று பெயர்.

இனி, மரபு என்பது யாது என்னும் வினா எழுகின்றது. 1940 களில் ஜனற் வாற்சன் என்னும் ஙாரிஞ்சேரிப் பெண்மணி இக்கோரையினாலேயே ஆகாயவிமானமொன்றைப் பின்னினார். அஃது இன்று தென் அவுஸ்திரேலிய நூதனசாலையில் உள்ளது. விமானம் அம்மக்களின் பழம்பொருளன்று. ஆதலின் இது மரபு வழுவியது, வேடிக்கைப் பொருளேயாம் எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. மரபு பொருளின் உருவத்தில் மட்டுமே தங்குமாயின், புதியதைக் கண்ட அன்றே அது மாண்டொழியும். இங்கு மரபு தங்குவது சுருளிலும் கண்ணியிலுமாம். புதிதாகக் கண்டதொன்றைத் தன் தாயரின் தையலாற் பிடித்துக்கொண்ட அப்பெண்மணி மரபை மீறினாரல்லர். அதன் வலிமையைச் சோதித்தார்.

இக்கருத்தை மேலும் தெளிவாக்குவன இவோன் கூல்மற்றியின் ஆக்கங்கள். 1944 இற் பிறந்த இவர், அருகிவந்த இப்பின்னலை 1982 இலே மூதாட்டி டொறத்தி கார்த்தின்யேரியிடம் கற்றார். பழைய வடிவங்களை ஆராய்ந்து மீண்டும் படைத்தார். 1997 இல் வெனிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கலைக் கண்காட்சியில், எமிலி காமே இங்வாரே, ஜூடி வாற்சன் ஆகியோருடன் அவுஸ்திரேலியாவின் சார்பிலே தம் ஆக்கங்களை வைத்தார். அவற்றுள் விலாங்குப் பறிகளும் இருந்தன.

அப்பறிகள் தற்காலச் சிற்பம் போல விளங்குகின்றன எனப் புகழ்தல் எளிது. அப்புகழ்ச்சியுள்ளே ஒரு பிழை மறைந்துள்ளது. பறி சிற்பத்தைப் போன்றிருத்தலால் அழகுபெறவில்லை. வாய் அகன்று, உட்புறம் ஒடுங்கும் அவ்வடிவத்தை வகுத்தது விலாங்கின் போக்கு. புகுவது எளிதாகவும் மீள்வது அரிதாகவும் இருத்தல் வேண்டும். அவ்வியல்பை நன்கறிந்தோர் கண்ட அளவே நம் கண்ணுக்கு ஒழுங்காகப் புலப்படுகின்றது. பயனை நீக்கி அழகை மட்டும் எடுத்துப் போற்றுவோர் பாதியையே கண்டவராவர். கூல்மற்றி வெப்பக்காற்றுப் பலூனையும் பின்னியுள்ளார். சுருட்பின்னல் இயல்பாகவே உருண்டு குவிவது. ஆதலின், தட்டையாக நீளும் விமானச் சிறகைவிடப் பலூனின் உருவம் இம்முறைக்கு மிகவும் இசைந்தது. இவ்வாறு முறைக்கும் உருவத்துக்கும் உள்ள இசைவை நோக்குவதே இக்கலைக்குரிய திறனாய்வு. பழையதா, புதியதா என்பது அதற்கு அடுத்த வினாவேயாம்.

எனினும், திறனாய்வாளர் பெரும்பாலும் மறக்கும் ஒன்றுண்டு. கண்காட்சிக்கூடத்திற் கோரை வளர்வதில்லை. கடல்நீர் ஏரிக்குட் புகாதவாறு 1935 முதல் 1940 வரை மரே ஆற்றின் முகத்துவாரத்தையடுத்து ஐந்து தடுப்பணைகள் எழுப்பப்பட்டன. ஆற்றின் மேற்பகுதிகளிலே பாசனத்துக்கெனப் பெருமளவு நீர் எடுக்கப்பட்டது. 1990 களின் பிற்பகுதியிலே தொடங்கி 2010 அளவில் முடிவுற்ற நெடுவரட்சியின்போது, அலெக்சாந்திரினா ஏரியின் நீர்மட்டம் 2009 இலே கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்தது. நீர் கரையை விட்டகன்றால் ஈரநிலம் வறளும். ஈரநிலம் வறண்டாற் கோரை ஏது? விமானத்தையும் பலூனையும் தன்வயமாக்கிய ஒரு கலைக்குப் புதுமை பகையன்று, நீரின்மையே பகை.

ஆகவே, கவின்கலை, கைப்பணி என்னும் பாகுபாடு இக்கூடைகளின்முன் நிலைபெறாது. ஓவியருக்கு வண்ணம் கடையிற் கிடைக்கும். இப்பின்னற்காரருக்கோ ஆற்றங்கரையே பண்டசாலை. அவர் அறிவின் ஒரு பாதி தையலில் உள்ளதெனின், மறுபாதி எத்தண்டை எடுப்பது, எதனை விடுவது என்பதில் உள்ளது. கூடையைக் கலையெனப் போற்றிக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு, அது பிறந்த கரையை வறளவிடுவோமாயின், நாம் காப்பது கலையையன்று, அதன் எச்சத்தையே. இதனை உணர்ந்து மதிப்பிடும் திறனாய்வே இக்கூடைகளுக்கு நேர்மை செய்வதாகும்.